வெள்ளோட்டம் 0.9.3

வெள்ளோட்டத்தில் சாமி ஏறாது.
வெறுந்தேரை இழுத்துப் பார்ப்பார்கள்,
அச்சு முனகுகிறதா,
முக்குத் திரும்புகையில் வடம் யார் காலையாவது வாருகிறதா என்று.
என் தேரை
வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொன்றேகாலுக்கு விட்டேன்.
விடிவதற்குள் பதினேழு பேர் ஏறிவிட்டார்கள்.

தேர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை.
பார்வையில்லாதவர்களுக்குத் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள்,
அதன் முதுகில் ஒரு செருகுநிரல்.
தமிழைத் தமிழாக வாசிக்க.
நாலு பேர் சேர்ந்து எழுதினோம், சம்பளம் கிடையாது.
பகலில் நான் பைபாஸ் ரோட்டு டயர் கடையில் பில் போடுகிறவன்.
ராத்திரி செல்லூரில், மாடி அறையில்,
ரயில் போகும்போதெல்லாம்
வாசிக்கும் குரலை நிறுத்திவைத்துக்
காத்திருப்பவன்.

சனிக்கிழமை. முதல் குரல்செய்தி மேலூர் சிக்கந்தர்:
"அண்ணே, பஸ் நேரம் பார்த்தேன்.
மாட்டுத்தாவணியை
மாட்டு,
தாவணி
அப்படின்னு நிறுத்தி வாசிக்குது.
சிரிச்சதுல டீ மடியில கொட்டிருச்சு.
இத மட்டும் சரிபண்ணிராதீங்க."

அடுத்தது தெ.கு. சுரேந்திரன், மகால் வடம்போக்கித் தெரு.
"தெ." வந்தால் தெரு என்று விரி,
அந்த விதியை எழுதியதே அவர்தான்.
இப்போது அவர் கணினி அவரை அழைக்கிறது:
தெரு கு சுரேந்திரன்.
"வீட்டுப்பேரைத் தெருவுக்குக் கொண்டுவந்துட்டோமேப்பா"
என்று அவரே ஒரு முறை சிரித்து
அவரே நிறுத்திக்கொண்டார்.

இவற்றை எழுதிவைத்துக்கொண்டு
நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

மத்தியானம் ஞானசௌந்தரி.
உசிலம்பட்டியில் ஒரு கூட்டுறவு வங்கி, கடன் பிரிவு.
எதிரே மாட்டுக்கடன் கேட்டு ஒருவர் உட்கார்ந்திருக்க,
4,07,500 என்ற பழைய பாக்கியைக் குரல்
நான்கு, ஏழு, ஐந்நூறு என்று
மூன்று தனித்தனி எண்ணாக வாசித்திருக்கிறது.
நல்லவேளை, அவருக்குச் சந்தேகம்.
அம்புக்குறியால் ஒவ்வோர் இலக்கமாகத் தடவிப் போய்க்
கணக்கைப் பிடித்துவிட்டார்.
பதிப்பு எண், திறந்திருந்த கோப்பு, அழுத்திய விசைகள்,
எல்லாம் வரிசையாகச் சொன்னார்.
குரலில் கோபமே இல்லை.

எனக்குத்தான் கோபம்.
"மேடம், அலுவலகக் கணினியில் நிறுவ வேண்டாம் என்று
தடித்த எழுத்தில் போட்டிருந்தேனே?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
மின்விசிறிச் சத்தம் மட்டும்.
பிறகு:
"தம்பி, தடிப்பு என் காதுக்கு வராது.
பதினாறு வரிக்கு நடுவுல
அதுவும் ஒரு வரியா ஓடிருச்சு."

இரண்டு வருடமாக இவர்களுக்காக
எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மூடிவிடலாமா என்று நினைத்தேன்.
பின்வாங்கினால் பழைய பதிப்பு,
அதில் எண்கள் சரி, ழகரம் லகரமாகிவிடும்;
ஞானசௌந்தரிக்கு எண் வேண்டும்,
சிக்கந்தருக்கு ழகரம்.
கடைசியில் எண் விதியை மட்டும் பிடுங்கிவிட்டு
0.9.4.
எச்சரிக்கையைத் தூக்கி முதல் வரியில் வைத்தேன், மெலிந்த எழுத்தில்:
"இது வெள்ளோட்டம். பணம் எண்ணும் இடத்தில் வேண்டாம்."
கண்ணை மூடிக்கொண்டு
அதை நான்கு முறை கேட்டேன்.
மாட்டு, தாவணியை
"தெரிந்த பிழைகள்" என்பதன் கீழ் விட்டுவைத்தேன்.
ஓர் ஆள் கேட்டுக்கொண்டதால்
என்று காரணமும் எழுதினேன்.

ஞாயிறு, ராத்திரி ஒரு மணி.
பதினேழு பேரில் பத்துப் பேர் பேசிவிட்டார்கள்.
மீதி ஏழு பேரிடமிருந்து ஒன்றும் வரவில்லை.
எல்லாம் சரியாக ஓடுவதால் சும்மா இருக்கிறார்களா,
இல்லை என் செருகுநிரல் உள்ளே போய்
அவர்கள் கணினியை ஊமையாக்கி,
எதை அழுத்தினாலும் பதில் வராத அறையில்
விசைப்பலகை மேல் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார்களா?

ரயில் ஒன்று போகிறது.
போகட்டும் என்று காத்திருக்கிறேன்.